அமெரிக்க அதிபரின் போர் அதிகாரத்தைப் பின்தொடர காங்கிரஸ் டாட் கவ்: எங்கே நம்பலாம், எங்கே தவறவிடுவோம்

அமெரிக்க அதிபர் ஒரு நாட்டின் மீது குண்டுவீச உத்தரவிட்டதும் எழும் முதல் கேள்வி, இதற்கு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்புதல் தந்ததா என்பது. தரவில்லை என்றால், அதைத் தடுக்க அங்கே யாராவது ஏதாவது செய்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. செய்தித் தலைப்புகளை நம்பாமல் மூலத்திலேயே விடை பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் காங்கிரஸ் டாட் கவ். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்தும் தளம் இது. 2012இல் சோதனை வடிவில் வந்தது. 1995 முதல் இயங்கிய ‘தாமஸ்’ என்ற பழைய தளம் 2016இல் மூடப்பட்டபின் முழுப் பொறுப்பும் இதற்கு வந்தது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, படிக்க மட்டும் என்றால் கணக்கும் தேவையில்லை.

மசோதா தேடும் பொதுவான கருவியாக இதை நாம் இங்கே மதிப்பிடப் போவதில்லை. போர் அதிகாரம் என்ற ஒரே வேலைக்கு இது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதுதான் கேள்வி. நடந்த வாக்கெடுப்பைப் பற்றி இது சொல்வதை அப்படியே நம்பலாம். நடக்காத வாக்கெடுப்பைப் பற்றி இது வாய் திறக்காது. அமெரிக்காவின் போர்கள் பெரும்பாலும் வளர்ந்ததோ வாக்கெடுப்பு நடக்காத அந்த இடைவெளியில்தான்.

முதலில் தேடும் முறை. முகப்பில் இருக்கும் தேடல் பெட்டி, நடப்புக் காங்கிரசின் மசோதாக்களை மட்டுமே தேடும் நிலையில் திறக்கும். பலரும் இடறுவது இங்கேதான். 2019இல் ஏமன் போர் தொடர்பாக நிறைவேறிய செனட் கூட்டுத் தீர்மானம் 7ஐத் தேடினால், இப்போதைய காங்கிரசில் அதே எண் கொண்ட, சம்பந்தமே இல்லாத வேறொரு தீர்மானம் வந்து நிற்கும். ஒவ்வொரு இரண்டாண்டுக் காங்கிரசிலும் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே எண்ணோடு காங்கிரசின் வரிசையும் வேண்டும்: 2017–18 என்றால் 115, 2019–20 என்றால் 116, 2025–26 என்றால் 119. பக்கத்தின் முகவரியிலேயே இந்த வரிசை எண் இருப்பதால், திறந்ததும் அதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

எண் தெரியாதபோது சொற்றொடரால் தேடலாம். போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானங்களுக்கு ஏறத்தாழ நிலையான தலைப்பு உண்டு. ‘ரிமூவல் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆர்ம்டு ஃபோர்சஸ்’ என்பதை ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் இட்டால் அவற்றில் பல சிக்கும். இன்னொரு வழி, பொருள் வாரியான வடிகட்டியில் ‘வார் அண்ட் எமர்ஜென்சி பவர்ஸ்’ என்ற தலைப்பைத் தேர்வது. பழைய தீர்மானங்களுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. புதியவற்றுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. காங்கிரஸ் ஆய்வுச் சேவையின் பணியாளர்கள் படித்துப் பார்த்துத்தான் பொருள் தலைப்பு இடுகிறார்கள், அதற்குக் காலம் பிடிக்கும். நேற்று முன்வைத்த தீர்மானம் இந்த வடிகட்டியில் இருக்காது.

பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது மேலே உள்ள நிலைப்பட்டை. ‘முன்வைக்கப்பட்டது’, ‘செனட்டில் நிறைவேறியது’ என்று கட்டம் கட்டமாகக் காட்டும். போர் அதிகார விஷயத்தில் இந்தப் பட்டையைப் பார்த்து முடிவுக்கு வருவது பெருந்தவறு. 2025 ஜூனில் ஈரான் தொடர்பாக செனட்டர் டிம் கெய்ன் கொண்டுவந்த கூட்டுத் தீர்மானம் 59ஐ எடுத்துக்கொள்வோம். பட்டையில் அது ‘முன்வைக்கப்பட்டது’ என்ற முதல் கட்டத்திலேயே நிற்கிறது. பார்ப்பவர் அதை யாரும் தொடவே இல்லை என்று நினைப்பார். உண்மையில் ஜூன் 27 அன்று முழு செனட்டும் வாக்களித்து, 47க்கு 53 என்ற கணக்கில் தோற்கடித்தது. அந்த வாக்கெடுப்பு தீர்மானத்தின் மீது நடந்ததல்ல. வெளியுறவுக் குழுவிடமிருந்து தீர்மானத்தை விடுவித்து அவைக்குக் கொண்டுவரலாமா என்பதன் மீது நடந்தது. ஆகவே பட்டை நகரவில்லை. ‘ஆக்‌ஷன்ஸ்’ என்ற தாவலைத் திறந்து, எல்லா நடவடிக்கைகளையும் காட்டும் தேர்வை எடுத்தால்தான் இந்த வரி தெரியும். இந்தத் தளத்தில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வளர்த்துக்கொள்ள முடியும் என்றால், பட்டையை விட்டு நேராக ஆக்‌ஷன்ஸ் தாவலுக்குப் போவதாக அது இருக்கட்டும்.

குழுவை விடுவிக்கும் இந்த வாக்கெடுப்பு ஏன் முக்கியம் என்பதற்கு, தளத்தில் எங்கும் விளக்கம் கிடையாது. செனட்டில் சாதாரண மசோதாவைக் குழுத் தலைவர் நினைத்தால் ஆண்டுக்கணக்கில் உறங்க வைக்கலாம். படைகளை விலக்கச் சொல்லும் கூட்டுத் தீர்மானத்துக்கு 1983இல் போட்ட ஒரு சட்டம் தனிச் சலுகை தருகிறது. குழுவுக்கு அனுப்பிப் பத்து நாள் ஆனபின் தீர்மானத்தை ஆதரிக்கும் எந்த உறுப்பினரும் விடுவிப்பு கோரலாம். செனட்டில் வழக்கமாகக் கேட்கப்படும் 60 வாக்குகள் தேவையில்லை, பெரும்பான்மை போதும். ஆகவே தீர்மானம் முன்வைக்கப்பட்ட தேதியோடு பத்து நாளைக் கூட்டிப் பார்த்தால், வாக்கெடுப்பு எப்போதிலிருந்து சாத்தியம் என்று நாமே கணக்கிடலாம்.

இன்னொரு குழப்பம் தீர்மானத்தின் வகை. செனட்டிலிருந்து வருபவை பெரும்பாலும் கூட்டுத் தீர்மானங்கள். இரு அவைகளும் நிறைவேற்றினால் அதிபரிடம் போகும், அவர் வீட்டோ செய்யலாம். பிரதிநிதிகள் சபையிலிருந்து வருபவை பெரும்பாலும் ‘கன்கரன்ட்’ எனப்படும் இணைத் தீர்மானங்கள். அவை அதிபரிடம் போவதே இல்லை. 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரச் சட்டத்தின் பிரிவு 5(சி), படைகளை விலக்க இணைத் தீர்மானமே போதும் என்கிறது. ஆனால் 1983இல் குடியேற்றத் துறைக்கும் சாதா என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிபரின் மேசைக்குப் போகாத எதற்கும் சட்ட வலிமை இல்லை என்ற பொருளில் தீர்ப்பளித்துவிட்டது. 2020 ஜனவரி 9 அன்று பிரதிநிதிகள் சபை ஈரான் தொடர்பான இணைத் தீர்மானம் 83ஐ 224க்கு 194 என்று நிறைவேற்றியது. அதிபரின் கையைக் கட்டிவிட்டார்கள் என்று நினைக்க வைக்கும் வாக்கெடுப்பு அது. ஆனால் அதிபரின் மேசை வரை போனது செனட் கூட்டுத் தீர்மானம் 68. பிப்ரவரி 13இல் செனட்டில் 55க்கு 45, மார்ச் 11இல் பிரதிநிதிகள் சபையில் 227க்கு 186, மே 6இல் வீட்டோ, மறுநாள் அதை முறியடிக்கும் முயற்சி 49க்கு 44 என்று மூன்றில் இரண்டு பங்கை எட்டாமல் தோல்வி. பக்கத்தின் தலைப்பில் இருக்கும் சுருக்கப் பெயரைக் கவனித்தாலே (‘ஜே.ரெஸ்.’ என்றால் கூட்டு, ‘கான்.ரெஸ்.’ என்றால் இணை) இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

தளம் தன் முழுத் திறனையும் காட்டும் இடம் ஏமன் பக்கம்: 116ஆம் காங்கிரஸ், செனட் கூட்டுத் தீர்மானம் 7. 2019 மார்ச் 13இல் செனட்டில் 54–46, ஏப்ரல் 4இல் பிரதிநிதிகள் சபையில் 247–175, ஏப்ரல் 16இல் வீட்டோ, மே 2இல் முறியடிக்கும் முயற்சி 53–45 என்று தோல்வி. ஒவ்வொரு வரியிலும் வாக்குப் பட்டியலுக்கு இணைப்பு உண்டு. யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பெயர் பெயராகப் பார்க்கலாம். ‘டெக்ஸ்ட்’ தாவலைத் தவறவிடக் கூடாது. சவூதி தலைமையிலான கூட்டணியின் போர் விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் நிரப்புவதும் போர் நடவடிக்கையே என்று தீர்மானத்தின் வாசகம் வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்கிறது. அல்கொய்தாவுக்கு எதிரான படைகளுக்கு விலக்கு அளிக்கிறது. ‘ஏமனிலிருந்து வெளியேறு’ என்ற ஒற்றை வரிச் செய்திக்கும் இந்த வாசகத்துக்கும் உள்ள தூரம், மூலத்தைப் படிப்பவருக்கு மட்டுமே தெரியும்.

அதே ஏமன் விவகாரம்தான் தளத்தின் பெரிய குறையையும் காட்டுகிறது. முந்தைய காங்கிரசில், 2018 டிசம்பர் 13 அன்று, கூட்டுத் தீர்மானம் 54 செனட்டில் 56–41 என்று நிறைவேறியது. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அதோடு கதை நின்றுவிடுகிறது. பிரதிநிதிகள் சபை ஏன் அதை எடுக்கவில்லை? விடை வேறொரு பக்கத்தில், யாரும் தேடாத இடத்தில் இருக்கிறது. வேளாண் மசோதாவை விவாதத்துக்கு எடுக்கும் விதித் தீர்மானம் அதற்கு முந்தைய நாள் 206–203 என்று நிறைவேறியது. ஏமன் தீர்மானங்களுக்கு இருந்த முன்னுரிமையை அந்தக் காங்கிரசின் எஞ்சிய நாட்களுக்கு நீக்கும் ஒரு பிரிவு அதற்குள் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய மாதமும் இதே வேலை நடந்தது, அப்போது ஓநாய்கள் பற்றிய மசோதாவின் விதிக்குள். போர் பற்றிய வாக்கெடுப்பு ஓநாய் மசோதாவுக்குள் புதைக்கப்பட்டதை இந்தத் தளம் எங்கும் இணைத்துக் காட்டவில்லை. ‘ரிலேட்டட் பில்ஸ்’ தாவல் இதற்கு உதவாது. தீர்மானம் ஒன்று காரணமின்றி நின்றுபோனதாகத் தோன்றினால், அந்த வாரத்தில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய விதித் தீர்மானங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ‘வார் பவர்ஸ்’ என்ற சொல்லைப் பக்கத்துக்குள் தேட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

ஒரே நாளில் நடந்த பல வாக்குகளைச் சேர்த்துப் பார்க்கவும் தளம் உதவுவதில்லை. 1999 ஏப்ரல் 28 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மீது குண்டுவீச்சு தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அன்று பிரதிநிதிகள் சபை நான்கு முறை வாக்களித்தது. போர் அறிவிப்பு 2–427 என்று தோற்றது. படைகளை விலக்கும் தீர்மானம் 139–290 என்று தோற்றது. விமானத் தாக்குதலுக்கு ஒப்புதல் தரும் தீர்மானம் 213–213 என்று சமமாகி, அதனாலேயே தோற்றது. ஒப்புதலின்றித் தரைப்படை அனுப்பப் பணம் கிடையாது என்ற மசோதா மட்டும் 249–180 என்று நிறைவேறியது. நான்கும் நான்கு தனிப் பக்கங்கள். ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்தவர், காங்கிரஸ் போரை எதிர்த்தது என்றோ ஆதரித்தது என்றோ தன் விருப்பப்படி எழுதிவிடலாம். நான்கையும் பார்த்தவருக்குத்தான், போரை நடத்தவும் சொல்லாமல் நிறுத்தவும் சொல்லாமல் சபை ஒதுங்கியது தெரியும். அடுத்த மாதமே காங்கிரஸ் அந்தப் போருக்குக் கூடுதல் நிதி ஒதுக்கியது. அந்த நிதியே ஒப்புதல்தான் என்று பின்னர் அரசின் நீதி அமைச்சகம் வாதிட்டது. ஆகவே ஒரு குறிப்பிட்ட நாளை ஆராயும்போது மசோதா பக்கத்தில் நிற்காமல், அந்தத் தேதியின் ‘காங்கிரெஷனல் ரெக்கார்டு’ என்ற அவைக்குறிப்பை அதே தளத்தில் திறப்பது நல்லது. அன்றைய வாக்குகள் வரிசையாக அங்கே கிடக்கும்.

லிபியாவுக்கும் இதே முறைதான். 2011 ஜூன் 24 அன்று ஒப்புதல் 123–295 என்று தோற்றது, நிதியைக் கட்டுப்படுத்தும் மசோதாவும் 180–238 என்று தோற்றது.

இனி, தளம் தராத ஒன்று: கடிகாரம். போர் அதிகாரச் சட்டத்தின் பிரிவு 4(ஏ)(1)படி, போர் நடவடிக்கையில் படைகளை இறக்கிய 48 மணி நேரத்துக்குள் அதிபர் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை தந்த நாளிலிருந்து, அல்லது தந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 60 நாள் ஓடும். படைகளைப் பாதுகாப்பாக வெளியேற்றத் தேவை என்றால் இன்னும் 30 நாள். அதற்குள் காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் நிறுத்தியாக வேண்டும். நமக்கு மிகவும் தேவையான தகவல் இதுதான். காங்கிரஸ் டாட் கவ்வில் இது எங்கும் இல்லை. பிரதிநிதிகள் சபைக்கு வந்த கடிதங்களின் பட்டியலில் அறிக்கை வந்ததாக ஒரு வரி இருக்கலாம், கடிதம் இருக்காது.

கடிதத்துக்கு இரண்டு இடங்கள். ஒன்று, அரசு அச்சகம் நடத்தும் கவ்இன்ஃபோ தளத்தில் உள்ள அதிபர் ஆவணத் தொகுப்பு. இன்னொன்று, நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் ரைஸ் மையம் திரட்டிய போர் அதிகார அறிக்கைத் தரவுத்தளம். 1973 முதல் வந்த, ரகசியமல்லாத 48 மணி நேர அறிக்கைகளை அதிபர், நாடு, சட்ட ஆதாரம் என்று பிரித்துத் தேட முடிகிறது. இந்த ஒரு வேலையில் அரசுத் தளத்தைவிட இது பல மடங்கு மேல்.

கடிதத்தை எப்படிப் படிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 60 நாள் கடிகாரம் பிரிவு 4(ஏ)(1)இல் மட்டுமே ஓடும். அதிபர்கள் அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லாமல், ‘போர் அதிகாரச் சட்டத்துக்கு இசைவாக’ என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். 1975இல் கம்போடியா பிடித்த மாயாகேஸ் என்ற அமெரிக்கக் கப்பலை மீட்டபோது அன்றைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அறிக்கை போவதற்குள் மீட்பு நடவடிக்கையே முடிந்துவிட்டது. லிபியாவில் 2011 மார்ச் 19இல் தாக்குதல், 21இல் அறிக்கை, மே 20இல் 60 நாள் முடிந்தது, குண்டுவீச்சு தொடர்ந்தது. அமெரிக்கத் தரைப்படை இல்லை, எதிரியோடு தொடர்ந்த துப்பாக்கிச் சண்டை இல்லை, எனவே இது சட்டம் சொல்லும் போர் நடவடிக்கையே அல்ல என்று ஒபாமா அரசு வாதிட்டது. கடிகாரத்தை நாமே எண்ணலாம், எண்ண வேண்டும். ஆனால் அது ஓடவே இல்லை என்று வெள்ளை மாளிகை சொல்ல இடம் இருக்கிறது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும்.

தரவுத்தளத்துக்கும் எல்லை உண்டு. 2020 ஜனவரியில் ஈரான் தளபதி காசிம் சுலைமானி கொல்லப்பட்டபின் அனுப்பிய அறிக்கை முழுவதும் ரகசியம், அதைப் பொதுமக்கள் படிக்க வழியில்லை. ஜூனிலும் டிசம்பரிலும் பல நாடுகளைச் சேர்த்து அனுப்பும் ஆறு மாதத் தொகுப்புக் கடிதங்களிலும் ரகசிய இணைப்பு இருக்கும்.

வியட்நாமுக்கு வந்தால் இந்தக் கருவிகளின் எல்லை பளிச்சென்று தெரிகிறது. அந்தப் போருக்கு அதிபருக்கு அதிகாரம் தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் 1964 ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் சபையில் 416–0, செனட்டில் 88–2. எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங் இருவர் மட்டுமே. ஆகஸ்ட் 10இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். 1973க்கு முந்தைய காலத்துக்கு இந்தத் தளத்தில் நடவடிக்கை வரலாறு மெலிந்தே இருக்கும். சட்டமானவற்றின் வாசகம் கிடைக்கும், வாக்குப் பட்டியலுக்கு பழைய அவைக்குறிப்பைப் புரட்ட வேண்டும். அது பெரிய குறையல்ல. பெரிய குறை, பக்கம் சட்டமானதோடு முடிந்துவிடுவது. 1964 முடிவில் வியட்நாமில் சுமார் 23,000 அமெரிக்கப் படையினர். 1965 முடிவில் சுமார் 1,84,000. 1968இல் ஐந்து லட்சத்துக்கும் மேல். இத்தனை பெருக்கத்துக்கும் போருக்கு ஒப்புதல் தரும் வேறு தீர்மானம் எதுவும் வரவில்லை.

வந்தது பணம். 1965 மே மாதம் ஜான்சன் 70 கோடி டாலர் கேட்டார். பிரதிநிதிகள் சபை 408–7, செனட் 88–3 என்று இரண்டே நாளில் தந்தது. படைகளுக்குப் பணம் மறுப்பதாகத் தெரிய எந்த உறுப்பினரும் விரும்புவதில்லை. ஆகவே நடப்புப் போர் ஒன்று பெரிதாகிறதா என்று பார்க்க நினைப்பவர், போர் அதிகாரத் தீர்மானங்களோடு கூடுதல் நிதி மசோதாக்களையும் வருடாந்தரப் பாதுகாப்பு அங்கீகார மசோதாவையும் கண்காணிப்பில் வைக்க வேண்டும். இவற்றை ‘போர்’ என்ற சொல்லால் தேடினால் கிடைக்காது. ‘சப்ளிமென்டல் அப்ரோப்ரியேஷன்ஸ்’ என்று தேட வேண்டும்.

2001 செப்டம்பர் 14 அன்று செனட்டில் 98–0, பிரதிநிதிகள் சபையில் 420–1 என்று நிறைவேறிய படைப் பயன்பாட்டு ஒப்புதலுக்கும் இதே நிலைதான். 60 சொற்களே கொண்ட அதன் செயற்பிரிவு எந்தெந்த நாடுகளுக்கு நீட்டப்பட்டது என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு சுவடும் இல்லை. ரைஸ் மையத்தின் தரவுத்தளத்தில் சட்ட ஆதாரம் என்ற வடிகட்டியைப் போட்டால் நிறையத் தெரியவரும்.

விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு, காங்கிரஸ் ஆய்வுச் சேவையின் அறிக்கைகளும் இதே தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆர்42699 என்ற எண்ணுள்ள அறிக்கை போர் அதிகாரச் சட்டத்தின் வரலாற்றை நிகழ்வு வாரியாகத் தருகிறது. கட்சிச் சார்பு இல்லாத நடை, நிதானமான சட்ட விளக்கம். தொடங்குகிறவர்கள் மசோதா பக்கங்களுக்கு முன் இதைப் படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வேகம் பற்றி ஒரு சொல். தாக்குதல் நடந்த வாரத்தில் இந்தத் தளத்தை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஆக்‌ஷன்ஸ் தாவல் பெரும்பாலும் அடுத்த நாள் காலையில்தான் நிரம்பும், தீர்மானத்தின் வாசகம் வர இன்னும் சில நாள் ஆகலாம். வாக்குக் கணக்கு உடனே வேண்டும் என்றால் பிரதிநிதிகள் சபைச் செயலரின் தளமும் செனட்டின் தளமும்தான் சரி. நீண்ட காலக் கண்காணிப்புக்கு இலவசக் கணக்கு ஒன்று திறந்து, மேலே சொன்ன சொற்றொடர்த் தேடலைச் சேமித்து, மின்னஞ்சல் அறிவிப்பை இயக்கிவிட வேண்டும். தனி மசோதாவுக்கும் அறிவிப்பு வைக்கலாம். ஆனால் அது அந்த ஒரு மசோதாவின் அசைவை மட்டுமே சொல்லும். தேடலுக்கு வைத்தால் புதிதாக முன்வைக்கப்படும் தீர்மானங்களும் வந்து சேரும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் தரவை நேரடியாக எடுக்க இலவச ஏபிஐ உண்டு, மணிக்கு 5,000 கோரிக்கை வரை அனுமதிக்கிறது. தீர்மானத்தின் நடவடிக்கைப் பட்டியலை நாள்தோறும் எடுத்து, தாக்குதல் தேதியிலிருந்து 48 மணி நேரத்தையும் 60 நாளையும் கூட்டி ஒரு அட்டவணையில் இட்டால், இந்தத் தளம் தராத கடிகாரத்தை நாமே செய்துகொள்ளலாம்.